பரணுக்குப் போன லேப்டாப்

விண்டோஸ் கைவிட்ட குட்டி கம்ப்யூட்டர்களை இலவச லினக்ஸ் எழுப்பி உட்கார வைக்கிறது. ஆனால் கதவு மெல்ல மூடிக்கொண்டிருக்கிறது.

பத்து அங்குலத் திரை. ஒரு கிலோ சொச்சம் எடை. விரல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் கீபோர்டு. 2009, 2010 வாக்கில் மகனோ மகளோ கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய நெட்புக் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய் காபி குடித்துவிட்டு வந்தாலும் அது விழித்திருக்காது. கடைக்காரர் உதட்டைப் பிதுக்குகிறார். பிறகு பரண், அதன் பிறகு பழைய பேப்பர்காரர்.

பழைய பேப்பர்காரரோடு பயணம் முடிவதில்லை. கைமாறிக் கைமாறி இத்தகைய சரக்கு போய்ச்சேரும் இடங்களில் ஒன்று டெல்லியின் சீலாம்பூர். அங்கே குறுகிய சந்துகளில், கையுறைகூட இல்லாமல், கம்ப்யூட்டர்களை உடைத்துப் பிரித்துத் தாமிரத்தையும் மற்ற உலோகங்களையும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒயர்களை எரிப்பதும் சர்க்யூட் போர்டுகளை அமிலத்தில் முக்குவதும் இந்தத் தொழிலின் பகுதி. இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடிய மெஷினையும் அந்தச் சந்துக்கு அனுப்புவதுதான் கொடுமை.

ஏனென்றால், இந்த நெட்புக்குகள் பலவற்றில் உடம்புக் கோளாறு எதுவும் இல்லை. சாஃப்ட்வேர்தான் பெருத்துவிட்டது. ஒரு ஜிபி ராமும் இன்டெலின் ஆட்டம் பிராசஸரும் கொண்ட கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் எக்ஸ்பி சரியான பாரம். எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்தியது; விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில்; விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பதோ 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், போதாததற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு. குட்டி லேப்டாப்புக்கு அந்த வீட்டு வாசலில்கூட இடமில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதன் பிறந்த வீடே லினக்ஸ்தான். நெட்புக் மோகத்தைத் தொடங்கிவைத்தது தைவானின் ஏசஸ் நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஈ பிசி 701: ஏழு அங்குலத் திரை, 512 எம்பி ராம், 4 ஜிபி சேமிப்பு. அதற்குள் இருந்தது லினக்ஸ். வியாபாரம் சூடுபிடித்ததும் மைக்ரோசாஃப்ட் விழித்துக்கொண்டு, ஓய்வு கொடுக்கவிருந்த எக்ஸ்பியின் ஆயுளை 2008இல் இந்த ரகத்துக்காகவே நீட்டித்தது. சந்தை அந்தப் பக்கம் சாய்ந்தது.

ஆங்கிலத்தில் இந்த சாஃப்ட்வேர்களை ‘ஃப்ரீ’ என்கிறார்கள். அதற்குக் காசு வேண்டாம் என்றும் பொருள், கட்டுப்பாடு இல்லை என்றும் பொருள். எதைச் சொல்கிறோம் என்பதை ஆங்கிலேயர் விளக்கிச் சொல்லியாக வேண்டும். தமிழுக்கு அந்தச் சங்கடம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. லினக்ஸ் இரண்டும்தான். சென்னையின் சி-டாக் மையம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும், கேரளப் பள்ளிகளில் ஓடும் லினக்ஸும் அந்தக் கட்டின்மையில் பிறந்தவையே.

ஆனால் எல்லா லினக்ஸும் மெலிந்தவை அல்ல. பளபளப்பான உபுண்டுவை ஒரு ஜிபி நெட்புக்கில் ஏற்றினால் விண்டோஸே தேவலை என்று தோன்றும். இங்கே வேண்டியது ‘ஆன்டிஎக்ஸ்’, ‘பப்பி’ போன்றவை. ஆன்டிஎக்ஸ் 512 எம்பி ராமிலும் ஓடும். அலங்காரங்களைக் கழற்றிவிட்டு, ஜன்னல்களைத் திறந்து மூடும் ஒரு சின்ன நிரலோடு திருப்திப்படுகிறது. பப்பி ஆஸ்திரேலியரான பேரி காலரின் படைப்பு, 2003இல் வந்தது. பெயர் அவருடைய நாய்க்குட்டியின் உபயம். முழு சிஸ்டத்தையும் ராமுக்குள் ஏற்றிக்கொள்வதால் பழைய ஹார்டு டிஸ்க்கின் மந்தம் அதைப் பாதிப்பதில்லை.

வேலை ஒரு மாலைப் பொழுது பிடிக்கும். முதலில், பழைய கம்ப்யூட்டரில் உள்ள போட்டோக்களையும் கடிதங்களையும் வேறிடத்துக்கு நகலெடுங்கள். இதைத் தள்ளிப்போட்டு அழுதவர்கள் ஏராளம். நல்ல கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸின் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, ரூஃபஸ் போன்ற இலவச நிரல் மூலம் பென் டிரைவில் எழுத வேண்டும். வெறுமனே காப்பி செய்தால் பலிக்காது. பென் டிரைவைச் செருகி நெட்புக்கை இயக்கி, உடனே எஃப்2, எஃப்12, எஸ்கேப் ஆகியவற்றில் அந்தக் கம்பெனிக்குரிய விசையைத் தட்டினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும்.

இப்போதுதான் முக்கியமான சௌகரியம். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா? வைஃபை பிடிக்காவிட்டால் வேறொரு லினக்ஸை முயலுங்கள். திருப்தியானால் மட்டுமே நிறுவலாம். நிறுவும்போது ‘முழு டிஸ்க்கையும் பயன்படுத்து’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழையது அழிந்துவிடும், திரும்பாது. டெல்லியின் நேரு பிளேஸ், பெங்களூரின் எஸ்.பி. ரோடு போன்ற இடங்களில் பழைய 2 ஜிபி டிடிஆர்2 ராம் தேடிப் போட்டால் இன்னும் நல்லது.

கிடைப்பது என்ன? கடிதம், கணக்கு, மின்னூல், பாட்டு, தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு. இவற்றுக்குத் தாராளமாகப் போதும். கிடைக்காததையும் சொல்லிவிட வேண்டும். டேலி நேரடியாக ஓடாது. யூடியூப் திணறும். சிஸ்டம் எவ்வளவு இளைத்தாலும் இன்றைய வெப்சைட்டுகள் இளைக்கவில்லை. நாலு பக்கங்களைத் திறந்தால் ஒரு ஜிபி காலி. ஆன்லைன் வகுப்புக்காகக் குழந்தையிடம் இதைக் கொடுப்பது இரண்டு பேருக்கும் தண்டனை.

இதைவிடப் பெரிய சிக்கல் பிராசஸரில். ஆட்டம் என்270 போன்ற ஆரம்பகாலச் சில்லுகள் 32 பிட் ரகம். 2010இல் பரவலான என்450, 64 பிட். 64 பிட் என்றால் கவலை குறைவு. 32 பிட்டை ஒவ்வொருவராகக் கழற்றிவிடுகிறார்கள். லினக்ஸுக்கான கூகுள் குரோம் 2016இலேயே விலகியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அத்தகைய கம்ப்யூட்டர்களில் நிறுவும் வசதியைத் தரவில்லை. அதே ஆண்டில் ஃபயர்ஃபாக்ஸும் 145ஆவது பதிப்பில் 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23க்கு 32 பிட் வடிவம் உண்டு. பரணில் இருப்பது என்270 என்றால், அந்த ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி ஒரு பென் டிரைவில் பத்திரப்படுத்துங்கள். வேலையை அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போட வேண்டாம்.