தொட்டபெட்டாவிலிருந்து எவ்வளவு தூரம் தெரியும்?

நீலகிரியின் மிக உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா. 'பெரிய மலை' என்பது பொருள். உயரம் 2,637 மீட்டர். 1847-லேயே சென்னை வானாய்வுக்கூடத்தின் டி. ஜி. டெய்லர் மேற்பார்வையில் இம்மலையில் வானிலை அளவுகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டு வெளிவந்த அந்நூல் குறிக்கும் உயரம் 8,640 அடி. இன்றைய அளவுக்கு 12 அடிதான் குறைவு!

உதகையிலிருந்து ஏறக்குறைய 10 கி.மீ. தொலைவிலுள்ள இவ்வுச்சியில் சிறு பூங்காவும் தொலைநோக்கி இல்லமும் உள்ளன. எங்கள் வகுப்பு சென்றது மாசி மாதத்தில். உறைபனிக் காலம் முடிந்து, காட்டுப்பூவரசு செக்கச் செவேலெனப் பூத்திருந்தது. இம்மரத்தின் உறவு இமயமலையிலும் உண்டு. இடையிலுள்ள சமவெளியில் எங்கும் இல்லை. காரணத்தைத் தாவரவியல் நண்பர்கள் எழுதட்டும். நான் இயற்பியலுக்கு வருகிறேன்.

தொலைநோக்கியின் முன் நின்ற வரிசையில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "எங்க ஊரு தெரியுமா?" ஒரு பாட்டி குனிந்து பார்த்துவிட்டு, "வெள்ளையாத்தான் இருக்குது" என்று நகர்ந்துவிட்டார். எங்களுக்கும் அதே வெள்ளைதான் தெரிந்தது.

கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. கண்ணிலிருந்து அடிவானத்துக்குச் செல்லும் கோடு பூமிக்குத் தொடுகோடு. பூமியின் ஆரம் 6,371 கி.மீ. கோவைச் சமவெளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அதற்கு மேல் சிகரத்தின் உயரம் 2.2 கி.மீ. ஆரத்தின் இருமடங்கை இவ்வுயரத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், ஏறத்தாழ 167 கி.மீ. வருகிறது. கோவை நேர்கோட்டில் 50 கி.மீ.தான். இடையில் மலை மறைக்காவிட்டால் ஈரோடு என்ன, கரூர்கூடக் கண்ணுக்கு எட்ட வேண்டும். காற்றில் ஒளி சிறிது வளைவதால் எல்லை இன்னும் சற்று நீளும்.

ஆகவே தடை பூமியின் வளைவு அன்று, நடுவிலுள்ள காற்று. காற்று மூலக்கூறுகள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. இதுவே ராலே சிதறல். தொலைவிலுள்ள மலைகள் நீலமாகத் தோன்றுவது இதனால்தான். ஆனால் தூசும் புகையும் மூலக்கூறுகளைவிடப் பன்மடங்கு பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கும். அதனால் மூட்டம் வெண்மையாகிறது. மாசி, பங்குனியில் மழையின்றிக் காடும் காயும், புல்லும் எரியும். அந்த வெண்மையில் நம் ஊர் அடுப்புப் புகையும், நாம் ஏறி வந்த பேருந்தின் புகையும் கலந்தே இருக்கின்றன. காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலுள்ளது வெப்பமாகவும் இருந்தால் புகை மேலெழாது. மேலிருந்து பார்க்க, ஏரியின் நீர்ப்பரப்பைப் போல அதன் விளிம்பு சமமாக இருக்கும். அன்று நாங்கள் கண்ட மிக அழகிய காட்சி உண்மையில் இதுதான்.

தொலைநோக்கி ஏன் உதவவில்லை? அது ஊரின் பிம்பத்தைப் பெரிதாக்கும். மூட்டத்தின் வெளிச்சத்தையும் அதே பிம்பத்தின்மேல் பரப்பும். கட்டடத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு கூடுவதில்லை. எவ்வளவு பெரிய லென்ஸ் போட்டாலும் நிலை இதுவே.

வடகிழக்குப் பருவமழை தூசைக் கழுவிய பின் காற்று தெளியும். தொலைநோக்கிக் காவலர் சூத்திரம் எதுவும் இல்லாமலே இதை அறிந்திருந்தார். "ஐப்பசியில மழை விட்ட மறுநாள், விடியக்காலையில வாங்க தம்பி. ராத்திரி முழுக்கப் பெய்ஞ்சிருக்கணும்" என்றார்.