எடுக்காவிட்டால் அபராதமா? பிரிஞ்சாங்கில் பரவிய ஒரு பயம்

"73 வயதாகியும் ஓய்வுக்காலப் பணத்தை எடுக்காமல் வைத்திருந்தால், கால்வாசியை அரசாங்கம் அபராதமாகப் பிடித்துக்கொள்ளும்!" வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த ஒரு தமிழ்க் காணொளி இப்படிச் சொன்னது. வானொலியில் நான் நடத்தும் காலை நிகழ்ச்சிக்கு இதைப் பற்றிக் கேட்டுப் பலர் அழைத்தார்கள். கேமரன் மலையிலிருந்து வந்த அழைப்புகளில் மட்டும் குரலில் ஒரு பதற்றம் தெரிந்தது. காரணம் அறிய ஒரு வார இறுதியில் பிரிஞ்சாங் போனேன்.

தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் கொழுந்து எடுத்து ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர், வயது 74. அவருடைய இபிஎஃப் பணத்தில் பெரும்பகுதி இன்னும் கணக்கிலேயே இருக்கிறது. "நான் சேத்த காசுக்கு நானே எதுக்கு தம்பி அபராதம் கட்டணும்? எடுக்காம வெச்சது தப்பா?" என்று கேட்டார். பக்கத்து வரிசை வீட்டுக்கு வந்துபோகும் ஒருவர், "அபராதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி நான் கடிதம் எழுதித் தருகிறேன், வரும் பணத்தில் பத்து விழுக்காடு கொடுத்தால் போதும்" என்று அவரிடம் பேசிவிட்டுப் போயிருக்கிறார். அடையாள அட்டையின் நகலையும் கேட்டிருக்கிறார். நல்லவேளை, பாட்டி கொடுக்கவில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் அப்படி ஓர் அபராதம் கிடையாது. இல்லாத அபராதத்துக்குத் தள்ளுபடியும் கிடையாது.

காணொளி பொய்யல்ல, நாடுதான் வேறு

காணொளியில் பேசியவர் சொன்னது அமெரிக்கச் சட்டம். அங்கே பல ஓய்வுக்காலக் கணக்குகளில் வருமான வரி கட்டுவதற்கு முன்பே பணத்தைப் போடலாம். வரியை அரசு மன்னிப்பதில்லை, பின்னால் தள்ளிவைக்கிறது. பணத்தை எடுக்கும்போதுதான் வரி. யாரும் கடைசிவரை எடுக்காமலே விட்டால் வரி எப்போது வருவது? அதனால்தான் குறிப்பிட்ட வயதுக்குப் பிறகு ஆண்டுதோறும் குறைந்தபட்சத் தொகையை எடுத்தே ஆகவேண்டும் என்று விதி வைத்தார்கள். அந்த வயது 2023 முதல் 73.

உதாரணத்துக்கு, 73 வயதுக்காரரின் கணக்கில் முந்தைய ஆண்டு இறுதியில் 265,000 டாலர் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான அட்டவணைப்படி அதை 26.5ஆல் வகுக்க வேண்டும். 10,000 டாலர் எடுக்க வேண்டும். எடுக்கத் தவறினால், எடுக்காத தொகையில் 25 விழுக்காடு, அதாவது 2,500 டாலர் அபராதம். சட்டம் தரும் அவகாசத்துக்குள், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில், சரிசெய்துவிட்டால் 10 விழுக்காடு. 2022 வரை இது 50 விழுக்காடாக இருந்தது. காணொளி சொன்னதுபோல் மொத்தப் பணத்தில் கால்வாசி போகாது என்பதையும் கவனியுங்கள்.

அங்கே இதற்குத் தள்ளுபடி கேட்க முடியும். முதலில், விட்டுப்போன தொகையை உடனே எடுக்க வேண்டும். பிறகு 5329 என்ற எண்ணுள்ள வரிப் படிவத்தை, தவறிய ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். கூடவே ஒரு விளக்கக் கடிதம். ஏன் தவறியது, எப்போது தெரியவந்தது, என்றைக்குப் பணத்தை எடுத்தோம், இனித் தவறாமல் இருக்க என்ன ஏற்பாடு என்பவற்றைச் சுருக்கமாக எழுதினால் போதும். நோய், குடும்பத்தில் மரணம், தவறான ஆலோசனை போன்ற நியாயமான காரணம் இருந்தால் வரித்துறை தள்ளுபடி செய்யலாம். அபராதத்தை முன்கூட்டியே கட்டிவிட்டுக் கேட்க வேண்டியதில்லை. விண்ணப்பக் கட்டணமும் இல்லை.

நம் பிள்ளைகள் சிலர் அமெரிக்காவில் வேலை செய்து அங்கே இப்படிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். மலேசியாவுக்குத் திரும்பிவிட்டாலும் கணக்கு அங்கே இருக்கும்வரை இந்த விதி பொருந்தும். அவர்கள் இந்தப் பத்தியை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

நம் இபிஎஃப் வேறு வகை

போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது 1929இல். ஊழியர் சேமநிதி உருவானது 1951 அக்டோபரில். இடைப்பட்ட 22 ஆண்டுகள் இந்த மலையில் வியர்வை சிந்தியவர்களுக்கு இப்படியொரு சட்டப்படியான சேமிப்பே இல்லை. அடுத்த தலைமுறை அதைப் பெரிதாக மதித்துத் தொடாமல் வைத்ததில் ஆச்சரியம் இல்லை.

55 வயதில் சேமிப்பை எடுக்கலாம். எடுத்தே தீரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எடுக்கும் பணத்துக்கு வருமான வரி இல்லை என்பதால், அமெரிக்காவைப்போல் வற்புறுத்த அரசுக்குக் காரணமும் இல்லை. 55க்குப் பிறகும் வேலை செய்து சந்தா கட்டினால், அது தனிக் கணக்கில் சேர்ந்து 60 வயதில் கிடைக்கும்.

கணக்கில் இருக்கும் பணத்துக்கு 100 வயதுவரை லாப ஈவு உண்டு. 2024இல் வழக்கமான சேமிப்புக்கு 6.30 விழுக்காடு. 30,000 வெள்ளி இருந்தவருக்கு அந்த ஓராண்டில் 1,890 வெள்ளி. பயந்துபோய் முழுப் பணத்தையும் எடுத்து அலமாரியில் வைத்திருந்தால் இதுதான் நட்டம். யாரும் விதிக்காத அபராதத்தை நமக்கு நாமே விதித்துக்கொள்வது போல.

100 வயதைத் தாண்டினால்? அப்போதும் பணம் பறிபோகாது. உரிமை கோரப்படாத பணத்துக்கான பதிவாளரிடம் மாற்றப்படும். உரியவரோ வாரிசோ விண்ணப்பித்துப் பெறலாம்.

உண்மையில் கவனிக்க வேண்டியவை

பயப்பட வேண்டிய இடம் வேறு என்பது பிரிஞ்சாங்கில் பேசிய பிறகுதான் புரிந்தது. நான் சந்தித்தவர்களில் பலருக்கு, தங்கள் இபிஎஃப் கணக்கில் யாரை நியமனதாரராகப் போட்டோம் என்பதே நினைவில்லை. ஒருவர் திருமணத்துக்கு முன் அண்ணன் பெயரைக் கொடுத்ததோடு சரி. முஸ்லிம் அல்லாதவர்களைப் பொறுத்தவரை, நியமனதாரரே அந்தப் பணத்தின் பயனாளி. நீங்கள் மாற்றும்வரை பழைய பெயர்தான் நிற்கும். நாற்பது வருடம் உடன் வாழ்ந்த மனைவி கைபிசைந்து நிற்க வேண்டியிருக்கும். யாரையும் நியமிக்காமல் போனால், பெரிய தொகைக்கு வாரிசுகள் நிர்வாகப் பத்திரம் வாங்க அலைய வேண்டும்.

காலக்கெடு உள்ள உதவியும் ஒன்று உண்டு. 60 வயதுக்கு முன் உறுப்பினர் இறந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு 2,500 வெள்ளி மரண உதவி கிடைக்கும். அதற்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் இருக்கும் குடும்பம் எளிதில் தவறவிடுவது இதைத்தான்.

இன்னும் வேலையில் இருக்கும் இளையோருக்கு ஒரு வார்த்தை. முதலாளி ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் சந்தாவைச் செலுத்த வேண்டும். தாமதித்தால் தாமதக் கட்டணம் முதலாளியின் தலையில்தான் விழும், உங்கள் தலையில் அல்ல. கட்டாமலே விட்டால் 3 ஆண்டுவரை சிறை, 10,000 வெள்ளிவரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. ஐ-அக்காவுன் செயலியில் மாதம் ஒருமுறை பார்த்தால் விடுபட்ட மாதம் உடனே தெரிந்துவிடும்.

முகவர் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பணத்தை எடுத்துத்தர இபிஎஃப் எந்த முகவரையும் நியமிக்கவில்லை. விழுக்காடு கேட்பவரிடம் அடையாள அட்டையையோ கைப்பேசிக்கு வரும் குறியீட்டு எண்ணையோ கொடுக்காதீர்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். கணக்கில் எவ்வளவு இருக்கிறது? யார் பெயரைப் போட்டிருக்கிறீர்கள்? முதல் கேள்விக்குச் சிலர் முகம் சுளிக்கலாம். "உங்க காசு எனக்கு வேணாம்மா, உங்களுக்கே அது பத்திரமா இருக்கணும்னுதான்" என்று சொல்லிவிட்டு இரண்டாவதைக் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால், அவர்களைக் கையோடு இபிஎஃப் அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள்.