தொழில் செய்வோரும் குறும்பதிவும்

தத்தம் தொழிலில் தேர்ந்த வைத்தியர், வக்கீல், இன்ஜினீயர், உபாத்தியாயர் முதலியோர், குறும்பதிவுத் தளங்களில் எழுதுவது தங்கள் அந்தஸ்துக்குக் குறைவென்று ஒதுங்கி நிற்பதை நாம் காண்கிறோம். அவர்கள் ஒதுங்கிய இடம் வெற்றிடமாக இருந்துவிடுவதில்லை. வைத்தியர் பேசாத இடத்தில் வதந்தி வைத்தியம் செய்கிறது. வக்கீல் பேசாத இடத்தில் சட்டமறியாதவர் தீர்ப்புச் சொல்லுகிறார். ஆதலின் இது தனிப்பட்டவரின் ருசியைப் பொறுத்த விஷயமன்று. பொதுஜன நன்மையைப் பொறுத்த விஷயமென்பதே நமது அபிப்பிராயம்.

2015-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, படகு எங்கே, உணவு எங்கே, தங்குமிடம் எங்கே என்ற செய்திகள் ட்விட்டர் வழியாக ஓடின. 2021-ம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாவின் இரண்டாம் அலை எழுந்தபோது, பிராணவாயுவுக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் ஜனங்கள் அங்கேயே முறையிட்டனர். அவ்விரு சமயங்களிலும் மெய்ச் செய்தியோடு பழைய செய்தியும் பொய்ச் செய்தியும் கலந்தே வந்தன. விசாரித்துச் சரியானதை மாத்திரம் எழுதியவரின் சொல்லே உதவிற்று. அத்தகைய நம்பிக்கை, ஆபத்து வந்த அன்று சம்பாதிக்கக் கூடியதன்று. அமைதிக் காலத்தில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்க வேண்டிய பொருளாகும். தொழில் செய்வோர் இன்றே தொடங்க வேண்டுமென்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

எந்தத் தளத்தில் தொடங்குவது? 2006-ம் வருஷம் தோன்றிய ட்விட்டர் முதலில் 140 குறிகளையே அனுமதித்தது. எஸ்.எம்.எஸ். செய்திக்கு அளவு 160 குறிகள். அவற்றுள் 20 எழுதுவோர் பெயருக்கென்று ஒதுக்கப்பட்டன. 2017-ல் அவ்வளவு 280 ஆயிற்று. 2022 அக்டோபரில் எலான் மஸ்க் அதை விலைக்கு வாங்கினார். 2023 ஜூலையில் அதன் பெயர் எக்ஸ் என மாறிற்று. 2016-ல் தொடங்கிய மாஸ்டடானும், 2023 ஜூலையில் வந்த திரெட்ஸும், 2024 பிப்ரவரியில் யாவருக்கும் திறக்கப்பட்ட புளூஸ்கையும் அவ்வகையினவே. எல்லாவற்றிலும் கால் வைத்து ஒன்றிலும் நிலைக்காமற் போவதினும், நம் தொழிலைச் சேர்ந்தோரும் நம் அறிவு வேண்டுவோரும் எங்கே மிகுதியாகக் கூடுகின்றனரோ அங்கே நிலைப்பது மேல்.

தொடங்கும் முறை கடினமன்று. உண்மைப் பெயர், செய்யும் தொழில், இருக்கும் ஊர், இம்மூன்றையும் சுயவிவரத்தில் தெளிவாக எழுதவேண்டும். முகமற்றவர் சொல்லை எவரும் நம்பார். பின்னர் இரண்டொரு வாரம் எழுதாமற் கேட்பது நலம். தம் துறையில் நன்றாக எழுதுவோரைப் பின்தொடர்ந்து, எத்தகைய கேள்விகள் எழுகின்றன, எவை விடையின்றிக் கிடக்கின்றன என்று கவனிக்கவேண்டும். முதற் பதிவு பிரசங்கமாக இருப்பதைவிடப் பிறர் கேள்விக்குப் பதிலாக இருப்பதே சிறப்பு. ஒரு பதிவுக்கு ஒரு விஷயம் போதும்.

தமிழில் எழுதுவோர் ஒன்றை அறிந்துகொள்ளவேண்டும். எக்ஸ் தளத்தின் கணக்கில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து, அதற்கோ ஐந்து. ஆகவே 280 என்பது தமிழில் பெரும்பாலும் இருநூறு எழுத்துக்கும் குறைவே. இது குறையன்று, வீண் அடைமொழிகளைக் களைந்து சுருங்கச் சொல்லும் பழக்கத்தை இது வளர்க்கும்.

இனி, கட்டுப்பாடுகளைப் பற்றி. வக்கீல்கள் விளம்பரம் செய்து வழக்குத் தேடுதலை இந்திய பார் கவுன்ஸில் விதிகள் தடுக்கின்றன. சட்டத்தை விளக்குவது வேறு, கட்சிக்காரரை அழைப்பது வேறு, இவ்வெல்லையை மறக்கலாகாது. வைத்தியர், பெயரை மறைத்துவிட்டோமென்று எண்ணி நோயாளியின் கதையை எழுதினால், ஊரும் வயதுமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். மத்திய சர்க்கார் ஊழியர், 1964-ம் வருஷத்து நடத்தை விதிகளைப் படித்த பின்னரே பேனாவை எடுக்கவேண்டும்.

அரசியலில் ஈடுபட்ட நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்சிப் பற்றை மறைக்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் தொழிலறிவைக் கட்சிக்காகத் திரிப்பது பெருந் துரோகமாகும். பாலம் பழுதென்றால், அதை எந்தக் கட்சி கட்டியிருந்தாலும் பழுதென்றே சொல்லுகிற இன்ஜினீயரை எதிர்க்கட்சியாரும் நம்புவர். ஒருமுறை திரித்தவர், பிறகு மெய்யையே சொன்னாலும் கேட்பாரிலர். பதிவை அழித்துவிடலாமே என்போர், அதற்குள் பிறர் அதைப் படமெடுத்து வைத்திருப்பர் என்பதை நினைக்கவேண்டும். பிழை நேர்ந்தால் அதே பதிவின் கீழ்த் திருத்தம் எழுதுவதே கண்ணியம்.

கடைசியாக, இத்தளங்கள் பிறர் வீட்டுத் திண்ணையேயன்றி நமது சொந்த மனையல்ல. 2020-ல் தொடங்கி, இந்திய பாஷைகளுக்கு இடமளித்த ‘கூ’ என்னும் தளம் 2024 ஜூலையில் மூடப்பட்டது. ஆங்கு உழைத்துச் சேர்த்த வாசகர் கூட்டம் ஒரேயடியாகக் கலைந்தது. ஆதலால் எழுதியவற்றுள் பயனுள்ளதைத் தம் வசம் பிரதி செய்து வைப்பதும், நீண்ட விஷயங்களைப் பத்திரிகையிலோ புத்தகத்திலோ நிலைபெறச் செய்வதும் அவசியம். கணக்கின் கடவுச்சொல்லோடு இரண்டாம் படிச் சரிபார்ப்பையும் அமைத்துக்கொள்ளவேண்டும். பிறர் நம் பெயரால் பொய் எழுத இடங்கொடுத்தால், பல வருஷ நம்பிக்கை ஒரு நாளில் அழியும்.

தினம் கால் மணி நேரம், வாரம் மூன்று நல்ல பதிவுகள். இதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பின்தொடர்வோர் நூறு பேரேயாயினும், அந்நூறு பேரும் ஐயம் வந்தபோது நம்மைத் தேடி வருவாராயின் அதுவே தொழிலுக்கும் லாபம், நாட்டுக்கும் லாபம். அறிந்தவர் வாய் திறவாதிருக்கும்வரை அறியாதவர் ஆரவாரத்தைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.