இதப் புனைவின் மொழி: ஆங்கில அதிகற்பனைக் காதல் நாவல்களும் தமிழாக்கமும்

ஆங்கிலப் புனைகதையில் 2020ஆம் ஆண்டு முதல் விரைந்து பெருகியுள்ள வகைகளுள் ஒன்று, 'கோசி ஃபேன்டசி ரொமான்ஸ்' எனப்படுவது. மந்திரம், பூத இனங்கள், கற்பனை நகரங்கள் ஆகிய அதிகற்பனைக் கூறுகள் அனைத்தும் இதில் உண்டு. ஆனால் உலகைக் காக்கும் போர் இல்லை. கடை வைத்தல், வீடு செப்பனிடுதல், குழந்தைகளுக்குக் கற்பித்தல் போன்ற சிறு முயற்சிகளே கதையாகின்றன. அம்முயற்சிகளினூடே இருவரிடையே காதல் மெல்ல உருவாகிறது. டி. ஜே. க்ளூனின் 'தி ஹவுஸ் இன் தி செருலியன் சீ' (2020), ட்ராவிஸ் பால்ட்ரீயின் 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' (2022), சங்கு மந்தண்ணாவின் 'தி வெரி சீக்ரெட் சொசைட்டி ஆஃப் இர்ரெகுலர் விட்சஸ்' (2022), ஹெதர் ஃபாசெட்டின் 'எமிலி வைல்ட்ஸ் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபேரீஸ்' (2023) ஆகியவை இவ்வகையில் பரவலாக வாசிக்கப்பட்டவை. இவற்றை 'இதப் புனைவு' எனச் சுருக்கமாகக் குறிப்பிடலாம்.

இவற்றின் ஈர்ப்புக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம், பெருந்தொற்றுக் காலத்தில் சோர்ந்த மக்கள் ஆறுதலை நாடினர் என்பதாகும். இது தவறன்று, ஆனால் வாசகர் ஏன் ஆறுதலை விரும்பினர் என்பதை விளக்குமேயன்றி, பனுவல் அதனை எவ்வாறு தருகிறது என்பதை விளக்காது. கதை நிகழ்ச்சி குறைவாக உள்ள பனுவலில் ஆறுதலைத் தர வேண்டிய பொறுப்பு முழுவதும் சொல் தெரிவின்மீதும் மொழிநடையின்மீதும் விழுகிறது. ஆகவே போர்க்கதையை மொழிபெயர்ப்பவர் சில சொற்களில் தவறினும் கதை நிற்கும். இதப் புனைவிலோ அச்சொற்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

1. வெம்மையும் தண்மையும்

'கோசி' என்னும் சொல் ஸ்காட்லாந்து வழக்கிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் பரவியது. அதன் மூலம் ஸ்காண்டிநேவிய மொழிகளில் இருக்கக்கூடும் என்பர். தேநீர்க் கெண்டி ஆறாமலிருக்க அதன்மேல் கவிழ்க்கும் துணியுறைக்கும் இதுவே பெயர். வெளியே குளிர், உள்ளே வெம்மை என்னும் எதிர்நிலையே சொல்லின் உட்பொருள். இவ்வகை நாவல்களில் கணப்பு, கம்பளி, மழை வழியும் சாளரம், ஆவி பறக்கும் கோப்பை ஆகியன திரும்பத் திரும்ப வருவது இதனாலேயே.

தமிழில் இன்பத்தின் திசை வேறு. கண் குளிரக் காண்கிறோம், மனம் குளிர்கிறது, பெற்ற வயிறு குளிர்கிறது. அருளைத் தண்ணளி என்கிறோம். அடைக்கலத்தை நிழல் என்கிறோம். மறுதலையாக, வயிறு எரிவதும் மனம் கொதிப்பதும் சொல் சுடுவதும் துன்பங்கள். குளிரில் தீயருகே அமர்வதற்குத் தமிழில் 'குளிர்காய்தல்' என்னும் நல்ல சொல் உண்டு. ஆயினும் அது உருவக வழக்கில் பிறர் துன்பத்தில் ஆதாயம் தேடுவதையே குறிக்கிறது. இந்நிலையில், ஒரு பாத்திரம் மற்றொருத்தியின் பேச்சால் உள்ளத்தில் வெம்மை உற்றாள் என எழுதினால், தமிழ் வாசகர் அவள் சினந்தாள் என்றோ காய்ச்சலுற்றாள் என்றோ கொள்ள இடமுண்டு.

எனவே, எல்லா வெம்மையையும் குளிர்ச்சியாக மாற்றிவிடலாமா? கூடாது. கணப்பு கணப்பாகவே இருத்தல் வேண்டும். கதை நிகழும் நிலம் குளிர்நிலம். பருப்பொருளின் வெம்மையைக் 'கதகதப்பு', 'வெதுவெதுப்பு' ஆகிய சொற்களால் காத்து, உள்ளத்து நிகழ்வை மட்டும் 'குளிர்', 'நெகிழ்', 'இளகு' ஆகிய வினைகளுக்கு விடுவதே பொருத்தமாகும். கணப்பருகே அமர்ந்தவளின் மனம் குளிர்ந்தது என்பது தமிழில் முரணாகத் தோன்றுவதில்லை.

2. காப்பியும் தொழிலும்

பால்ட்ரீயின் நாவலில் விவ் என்பவள் ஆர்க் இனத்தைச் சேர்ந்த கூலிப்படை வீராங்கனை. வாளைக் கைவிட்டு, தூன் என்னும் நகரில் பழைய குதிரைலாயம் ஒன்றை வாங்கிக் காப்பிக்கடை வைக்கிறாள். அந்நகரத்தார் காப்பியை அறியாதவர்கள். வாசகர் நன்கறிந்த பொருளைப் பாத்திரங்கள் முதன்முதலாகச் சுவைக்கக் காண்பதே நாவலின் முதன்மையான இன்பங்களுள் ஒன்று. தச்சன் பலகை அறுப்பதும், எலியினச் சமையற்காரன் இலவங்கப்பட்டை ரொட்டி சுடுவதும் பக்கம் பக்கமாக விவரிக்கப்படுகின்றன. செயலின் ஒவ்வொரு படியும் சொல்லப்படும்போது வாசிப்பின் வேகம் தணிகிறது, அத்தணிவே ஆறுதல். ஆகவே தொழிற்சொற்களைப் பொதுச்சொற்களாகச் சுருக்கும் மொழிபெயர்ப்பு, நாவலின் உயிர்நாடியைச் சுருக்குகிறது. இழைப்புளி, உளி, சட்டம், கீல் என்று தச்சரிடம் வழங்கும் சொற்கள் அங்கே தேவை.

தமிழ் வாசகருக்கு இங்கு ஒரு தனி உரிமையும் ஒரு தனி இடரும் உள்ளன. காப்பி தமிழகத்திலும் வந்தேறிய பானமே. வீட்டின் தகுதியையும் விருந்தோம்பலையும் அதனைக் கொண்டு அளந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. ஆனால் நாவலில் காப்பி என்பது பாலற்றது. பால் சேர்ந்த 'லாட்டே' அதன் மென்மையான மறுவடிவம். தமிழிலோ காப்பி என்றாலே பால் கலந்தது. பாலற்றதற்கே 'கடுங்காப்பி' என அடைமொழி வேண்டும். குறியுள்ள வடிவமும் குறியற்ற வடிவமும் இடம் மாறிவிட்டன. 'லாட்டே'யைப் 'பால்காப்பி' என்றால் பொருள் துல்லியமாகவும் புதுமை முற்றிலும் அழிந்தும் போகும். கடன்சொல்லையே வைத்துக்கொண்டு, முதற் கோப்பைக் காட்சியில் 'கடுங்காப்பி' என ஒருமுறை உணர்த்திவிடுவது இழப்பைக் குறைக்கும்.

3. முன்னிலைப் பெயர்

காதலின் வளர்ச்சியைக் காட்டுவதில் ஆங்கிலத்துக்கு ஒரு குறை உண்டு. முன்னிலையில் அதற்கு ஒரே பெயர்தான். ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960இல் வெளியிட்ட கட்டுரையில் அதிகாரம், ஒருமைப்பாடு என்னும் இரு அச்சுகளில் விளக்கிய முன்னிலைப் பெயர் வேறுபாடு, ஆங்கிலப் பொதுவழக்கில் மறைந்துவிட்டது. அதன் பணியைப் பட்டமும் பெயரும் செய்கின்றன என்பதைப் பிரவுனும் மார்கெரிட் ஃபோர்டும் 1961இல் காட்டினர். க்ளூனின் நாவலில் அரசு அலுவலரான லைனஸ் பேக்கர், தாம் ஆய்வு செய்யச் சென்ற காப்பகத் தலைவரை முதலில் திரு. பர்னாசஸ் என்கிறார், பின்னர் அவர் ஆர்தர் ஆகிறார். ஃபாசெட்டின் நாவல் ஓர் ஆய்வாளரின் நாட்குறிப்பாக, அடிக்குறிப்புகளோடு அமைந்தது. அதில் குடும்பப்பெயரால் பாம்பிள்பி எனப்படும் சக பேராசிரியர், நெருக்கம் கூடும்போது வெண்டெல் ஆகிறார். இந்த ஒரு சொல் மாற்றத்துக்காக வாசகர் பல பக்கங்கள் காத்திருக்கின்றனர்.

தமிழில் பெயர் சொல்லி அழைத்தல் நெருக்கத்தின் அடையாளமாக இருப்பது உறுதியில்லை. கணவன் பெயரைச் சொல்லாமையே நெருக்கத்தின் மரபாக இருந்த சமூகம் இது. இங்கு அப்பணியை 'நீ', 'நீங்கள்' என்பனவும் அவற்றுக்குரிய வினைவிகுதிகளும் செய்ய வேண்டும். மாத நாவல்களின் காதல் நடையில் அவன் 'நீ' என்பான், அவள் 'நீங்கள்' என்பாள். பழகிய நடை என்பதால் மொழிபெயர்ப்பாளரின் கை தானாகவே அதனை நாடும். இதப் புனைவுக்கு இதனினும் பொருந்தாதது வேறில்லை; ஏனெனில் அது தரும் ஆறுதலில் பெரும்பகுதி, ஒருவர்மீது ஒருவர் அதிகாரம் செலுத்தாத உறவைக் காண்பதில் உள்ளது.

விவ்வும் அவளிடம் பணிக்கு வரும் டான்ட்ரியும் காதலர் ஆகின்றனர், இருவரும் பெண்கள். ஆதலால் மாத நாவல் வாய்பாடு தானாகப் பொருந்தாது. ஆனால் முதலாளி, பணியாளர் என்னும் மற்றொரு வாய்பாடு காத்திருக்கிறது. தொடக்கத்தில் இருவரும் பரிமாற்றமாக 'நீங்கள்' என்பதே தக்கது. 'நீ' எங்கே வர வேண்டும்? காதலை வெளிப்படுத்தும் இடத்தில் வைத்தால் அது நாடகத்தன்மை பெற்றுவிடும். கதையின் பிற்பகுதியில் விவ்வின் பழைய தோழன் ஒருவன் கடையைத் தீக்கிரையாக்குகிறான். கடை எரிந்தபின் முதலாளி இல்லை, பணியாளும் இல்லை. சாம்பலருகே நிற்கும் அவ்விருவரிடையே, யாரும் சுட்டிக்காட்டாமல், 'நீ' வந்துவிடுவதே இயல்பு. மூலத்தில் இல்லாத இந்நிகழ்ச்சியைத் தமிழ் இலக்கணம் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்கிறது. கொடுத்தால் நாவல் சற்றே வளம் பெறுகிறது.

4. இனப்பெயர்

டான்ட்ரி 'சக்கபஸ்' இனத்தவள். ஆடவரை மயக்குபவள் என்னும் பழி அவளைக் காணுமுன்பே அவளுக்கு முன் வந்து நிற்கிறது. 'மோகினி' என்னும் தமிழ்ச்சொல் அதே பழியைச் சுமந்து வருவதால் இங்கு எதிர்பாராத பொருத்தம் அமைகிறது.

மந்தண்ணாவின் நாவலில் அத்தகைய நல்லூழ் இல்லை. நாயகி மிகா மூன் இந்தியாவில் பிறந்த அனாதை. இங்கிலாந்தில் வளர்க்கப்பட்ட 'விட்ச்'. தம் இனத்தவர் ஒருங்கு கூடி வாழ்தல் தீங்கு என்னும் விதியால் தனித்து வாழ்பவள், மந்திர ஆற்றல் கொண்ட மூன்று சிறுமியருக்குக் கற்பிக்க நார்ஃபோக் கடற்கரை வீடொன்றுக்குச் செல்கிறாள். அங்குள்ள நூலகன்மீது காதல் கொள்கிறாள். ஆங்கிலத்தில் அச்சொல்லின் நஞ்சைக் குழந்தை இலக்கியமும் திரைப்படமும் பெரும்பாலும் நீக்கிவிட்டன. 'சூனியக்காரி' என்னும் சொல்லுக்கு அது நிகழவில்லை; செய்வினையும் ஏவலும் இன்னும் அதனோடு ஒட்டியே உள்ளன. அதன் வடஇந்திய இணைச்சொல்லான 'டாயன்' என்று முத்திரை குத்திப் பெண்களை அடித்துத் துரத்துவதையும் கொல்வதையும் தடுக்கப் பீகார் 1999இலும், ஜார்க்கண்ட் 2001இலும், அசாம் 2015இலும் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இந்தியாவில் பிறந்த ஒரு குழந்தையை எடுத்துரைப்பவர் அன்போடு சூனியக்காரி என அழைக்கும் வாக்கியம் தமிழில் இதம் தராது.

'மாயக்காரி' ஏமாற்றுபவளைக் குறிக்கும்; 'மந்திரவாதி' என்றால் ஆடவனே மனத்தில் எழுவான். 'மந்திரக்காரி' ஓரளவு பழியற்றது. குழந்தைகளும் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளத்தக்கது. இங்கு ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்னும் ஒழுங்கைக் கைவிடுவதே நேர்மை. எடுத்துரைப்பவரும் அவ்வீட்டாரும் பேசும் இடங்களில் 'மந்திரக்காரி' என்றும், அவர்களை அஞ்சுவோரும் வெறுப்போரும் பேசும் இடங்களில் மட்டும் 'சூனியக்காரி' என்றும் பிரித்து வழங்கலாம். அவ்வாறு செய்தால், மிகா எதற்காகத் தன்னை மறைத்து வாழ்ந்தாள் என்பதைத் தமிழ் வாசகர் அச்சொல் முதன்முறை ஒலிக்கும்போதே அறிந்துகொள்வர்.