குறட்டைனு நெனச்சோம்!

பிள்ளையார்பாளையத்துல ஒரு வீட்டுக்குள்ள ராத்திரி பதினோரு மணிக்கு சத்தமா குறட்டை கேட்டா யாராவது பயப்படுவாங்களா? எங்க வீட்டுலயும் யாரும் பயப்படலை. ‘‘பாவம், மனுஷன் நாலு நாளா கண்ணு மூடலை. இன்னிக்காவது தூங்கட்டும்’’னு பெரியம்மா ஃபேனை ஒரு பாயின்ட் ஏத்திவெச்சாங்க.

பெரியப்பாவுக்கு வயசு 61. நாற்பது வருஷம் குழித்தறியில மிதிச்சு மிதிச்சுத் தேஞ்ச முழங்காலுக்குப் போன வருஷம் ஆபரேஷன் நடந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்ததில் ஒண்ணு ட்ரமடால். ‘இத்தனை நாள், இத்தனை வேளை, அப்புறம் நிறுத்திடணும்’னு தெளிவா சொல்லித்தான் அனுப்பினாங்க. வலி குறைஞ்சதும் பெரியப்பா மிச்ச அட்டையை சாமி படத்துக்குப் பின்னாடி பத்திரப்படுத்திட்டார். நம்ம ஊர்ல எதைத்தான் தூக்கிப் போடுறோம்?

ரெண்டு மாசம் போச்சு. தை முகூர்த்தத்துக்குக் கொடுக்கவேண்டிய கோர்வைப் புடவை தறியில பாதியில நிக்குது. உட்கார்ந்தா முழங்கால் விண்ணு விண்ணுனு தெறிக்குது. சாமி படத்துக்குப் பின்னாடி கை போச்சு. ஒண்ணுக்கு மூணா போட்டவர், தூக்கம் வரணும்னு பெரியம்மாவோட தூக்க மாத்திரையையும் சேர்த்து முழுங்கிட்டார்.

தண்ணி குடிக்க எழுந்த நான்தான் கவனிச்சேன். குறட்டைக்கு நடுவுல கேப் விழுது. நான் பத்து எண்ணி முடிச்ச பிறகு, மறுபடி ஒரு ‘கொர்ர்’. உதடு லேசா நீலம். உலுக்கினாலும் எழலை. 108-க்கு போன் போட்டோம்.

எமர்ஜென்சியில டார்ச் அடிச்சுப் பார்த்த டாக்டர், ‘‘கண்மணி குண்டூசித் தலை மாதிரி இருக்கு. என்ன மாத்திரை சாப்பிட்டாரு தம்பி?’’ன்னார். நல்லவேளை, கையில அட்டையோடதான் ஓடியிருந்தேன். ஆக்சிஜன் வெச்சு, நலோக்சோன்னு ஒரு ஊசி போட்டாங்க. கொஞ்ச நேரத்துல மூச்சு சீராச்சு. அப்பவும் வீட்டுக்கு விடலை. ஊசியோட வேகம் மாத்திரையோட வேகத்துக்கு முன்னாடியே அடங்கிடுமாம், மறுபடி மூச்சு படுத்துக்கலாமாம்.

நான் படிக்கிறது ட்ரிபிள்-ஈ. எனக்கு இது கன்ட்ரோல் சிஸ்டம் பாடம் மாதிரிதான் புரிஞ்சுது. ரத்தத்தில் கரியமிலவாயு ஏறினால், மூளைத்தண்டு ‘மூச்சை வேகமா இழு’ என்று கட்டளை போடும். தூங்கும்போதும் ஓடும் ஃபீட்பேக் லூப் அது. ஓபியாய்டு மருந்து வலியை மட்டும் அடக்குவதில்லை, இந்த லூப்பையும் மந்தமாக்கும். கூடவே தூக்க மாத்திரையோ சரக்கோ சேர்ந்தால் டபுள் அடி. தொண்டைத் தசை தளர்ந்து வர்ற சத்தத்தைத்தான் நாங்க நல்ல தூக்கம்னு நெனச்சோம்.

இந்த மருந்துக் குடும்பத்தோட பாட்டி அபின். குருமாவுக்கு அரைக்கிற கசகசா இருக்கே, அதே செடியோட காயிலிருந்து வடியுற பால்தான். மார்ஃபின் அதிலிருந்து வந்தது. ட்ரமடால் ஆய்வகத்தில் செய்த பேத்தி. 2018-ல் இதுவும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

‘அப்போ இதையெல்லாம் மொத்தமா தடை பண்ணிடலாமே பாஸ்’னு நானும்தான் கேட்டேன். அங்கேதான் சிக்கல். 1985 சட்டத்தின் கெடுபிடியில், பல துறைகளில் லைசென்ஸுக்கு அலைய முடியாமல் நிறைய ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைப்பதையே விட்டன. கேரளாவின் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்கில் போராடி, 2014-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. 2017-ல் லான்செட் கமிஷன் போட்ட கணக்குப்படி, வலி மருந்து தேவைப்படும் இந்தியர்களுக்குக் கிடைப்பது தேவையில் 4 சதவிகிதம்! அமெரிக்காவிலோ தேவையைப் போல 30 மடங்குக்கு மேல். அங்கே 1996-ல் வந்த ஆக்ஸிகான்டினை ‘அடிமையாக்கும் ஆபத்து குறைவு’ என்று சொல்லி விற்ற பர்டூ கம்பெனி, 2007-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2022-ல் மட்டும் ஓபியாய்டு ஓவர்டோஸில் அங்கே செத்தவர்கள் 80,000-க்கும் மேல்.

நம்ம காரப்பேட்டையில் அண்ணா பெயரில் கேன்சர் ஆஸ்பத்திரி இருக்கு. 1968-ல் நியூயார்க்கில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்த அண்ணாவே 1969 பிப்ரவரியில் அந்த நோய்க்குத்தான் பலியானார். அந்த வலி முற்றினவங்களுக்கு மார்ஃபின் கிடைக்காம போறது என்ன நியாயம்? ஆபரேஷன் கேஸிலும் வலியைப் பல்லைக் கடிச்சுப் பொறுத்தா வீரம் கிடையாது. வயித்துலயோ நெஞ்சுலயோ தையல் போட்டவங்க வலிக்குப் பயந்து இருமாம, ஆழமா மூச்சு இழுக்காம கிடந்தா நுரையீரல்ல சளி கட்டும். அதனால இப்போ பாராசிட்டமால், நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசினு பலதையும் கலந்து கொடுத்து, ஓபியாய்டைக் கொஞ்ச நாளோட முடிச்சுக்கிறாங்க.

பெரியப்பாவுக்கு இப்போ பாராசிட்டமாலும் பிசியோதெரபியும்தான். மாத்திரை டப்பா பெரியம்மா கன்ட்ரோல்ல இருக்கு. அந்தப் புடவை மாசியிலதான் தறியை விட்டு இறங்குச்சு. ‘‘லேட்டானதுக்குக் கூலியில பிடிச்சாங்களா பெரியப்பா?’’ன்னு கேட்டேன்.

‘‘அதை ஏன்டா கேக்குற...’’ன்னுட்டு அடுத்த பாவைப் பிணைக்கக் குழிக்குள்ள இறங்கிட்டார்.