எறும்பின் பலமும் சூப்பர்மேனின் பூர்வீகமும்

1938 ஏப்ரலில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில்தான் சூப்பர்மேன் பிறந்தார். அந்தக் கதையின் முதல் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. வேற்றுக்கிரகத்தில் பிறந்தவன் என்றாலும் ஒருவனுக்கு இத்தனை பலம் எங்கிருந்து வரும் என்று வாசகர் கேட்பாரே! அதற்கு எழுத்தாளர் ஜெரி சீகலும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் அறிவியல் விளக்கம் சொல்கிறார்கள். எறும்பு தன் எடையைவிடப் பல மடங்கு பாரத்தைச் சுமக்கிறது. வெட்டுக்கிளி தாண்டும் தூரத்தை மனிதன் அளவுக்குப் பெருக்கினால் பல தெருக்கள் நீளும். பூமியிலேயே இது நடக்கும்போது முன்னேறிய ஒரு கிரகத்து மனிதனுக்கு ஏன் முடியாது என்பது அவர்கள் வாதம்.

இதே வாதம் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் வந்திருக்கிறது. ஃபிலிப் வைலி 1930இல் எழுதிய 'கிளாடியேட்டர்' நாவலில் ஓர் உயிரியல் பேராசிரியர் கர்ப்பிணி மனைவிக்கு மருந்து செலுத்துகிறார். பிறக்கும் மகன் ஹ்யூகோ டானர், தோட்டாவும் துளைக்க முடியாத அசுர பலத்தோடு வளர்கிறான். தன் பலத்தைக் கண்டு தானே மிரளும் சிறுவனுக்குத் தகப்பன் சொல்லும் சமாதானத்திலும் அதே எறும்பு, அதே வெட்டுக்கிளி.

பலசாலி என்ற ஒற்றுமை மட்டும் இருந்தால் அது எதையும் நிரூபிக்காது. சிம்சோன், ஹெர்குலிஸ், பீமன் என்று பலசாலி இல்லாத ஊரே கிடையாது. இந்த இரண்டு பூச்சிகள் விஷயம் வேறு. காரணம், அந்த விளக்கம் தவறு.

ஒரு உயிரின் நீளம் கூடும்போது தசையின் வலிமை குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்துக் கூடுகிறது. எடையோ கன அளவைப் பொறுத்துக் கூடுகிறது. ஐந்து சென்டிமீட்டர் வெட்டுக்கிளியை ஒன்றே முக்கால் மீட்டர் ஆளாக்க 35 மடங்கு பெருக்க வேண்டும். அப்போது தசை வலிமை 1,225 மடங்காகும். எடை 42,875 மடங்காகும். அந்த ராட்சத வெட்டுக்கிளிக்குத் தாண்டுவது இருக்கட்டும், எழுந்து நிற்பதே பெரும்பாடு. எறும்பு பலசாலியாகத் தெரிவதற்குக் காரணம் அதன் சிறிய உருவம்தான். கலீலியோ 1638இலேயே இந்தக் கணக்கின் அடிப்படையைப் போட்டுவிட்டார். உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926இல் பொதுவாசகருக்கான கட்டுரையிலும் இதை விளக்கினார்.

ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்களுக்கு ஒரு நுட்பம் தெரியும். இரண்டு ஏடுகளில் சரியான பாடம் ஒன்றாக இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருக்க வேண்டும், அல்லது இரண்டும் பொதுவான மூல ஏடு ஒன்றிலிருந்து வந்திருக்க வேண்டும். பூர்வீகத்தைக் காட்டிக்கொடுப்பது பிழைதான். நாயகர்களின் வம்சாவளியைத் தேடுவோருக்கும் இதைவிட நல்ல கருவி இல்லை என்பேன்.

சூப்பர்மேன் ஒரே தகப்பனின் பிள்ளையும் அல்ல. எட்கர் ரைஸ் பரோஸ் 1912இல் படைத்த ஜான் கார்ட்டர் என்ற பூமிக்காரன் செவ்வாயில் போய் இறங்குகிறான். அங்கே ஈர்ப்பு பூமியில் இருப்பதில் 38 சதவீதம்தான் என்பதால் நினைத்தபடி தாவுகிறான். இந்த யோசனையை அப்படியே திருப்பிப் போட்டால் ஈர்ப்பு மிகுந்த கிரகத்திலிருந்து பூமிக்கு வந்தவன் கிடைக்கிறான். 1939இல் வந்த 'சூப்பர்மேன்' முதல் இதழ், பூமியின் குறைந்த ஈர்ப்பையும் அவர் பலத்துக்குக் காரணமாகச் சேர்த்துக்கொண்டது. தொடக்கத்தில் சூப்பர்மேன் பறக்கவில்லை, தாவினார் என்பது பலருக்கு நினைவிருக்காது. 1933இல் வந்த டாக் சாவேஜ் என்ற நாயகனின் முதற்பெயரும், சூப்பர்மேனின் மாறுவேடப் பெயரைப் போலவே, கிளார்க்தான். ஆர்க்டிக் பனியில் 'தனிமைக் கோட்டை' என்ற மறைவிடம் அவனுக்கு இருந்தது. பிற்பாடு அதே பெயரில் அதே பனிப்பிரதேசத்தில் சூப்பர்மேனுக்கும் ஒரு கோட்டை எழுந்தது.

பேட்மேன் கதையில் இவ்வளவு துப்பறியத் தேவையில்லை. 1939 மே மாத இதழில் வந்த முதல் பேட்மேன் கதை, 'தி ஷேடோ' என்ற மலிவுவிலைத் துப்பறியும் இதழில் 1936 நவம்பரில் தியோடோர் டின்ஸ்லி எழுதிய கதையின் தழுவல். ரசாயனத் தொழில் கூட்டாளிகள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படுவது, நச்சுவாயுப் பொறி எல்லாமே அங்கிருந்து வந்தவை. எழுத்தாளர் பில் ஃபிங்கர் தன் முதல் கதை ஷேடோ கதை ஒன்றைத் தழுவியது என்று பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார். அட்டைப்படத்தில் பேட்மேன் தொங்கும் தோரணையை ஓவியர் பாப் கேன் எடுத்தது, அலெக்ஸ் ரேமண்டின் 'ஃபிளாஷ் கார்டன்' சித்திரத்தொடரிலிருந்து. பகலில் ஒன்றுக்கும் உதவாத பணக்காரன், இரவில் முகமூடி என்ற வேஷமும் பழையது: 1919இல் ஸாரோ, அதற்கு முன் 1905இல் நாவலாக வந்த 'ஸ்கார்லெட் பிம்பர்னல்'.

இத்தனை இரவல் சரக்கையும் சுமந்து நின்ற உருவத்துக்கு உயிர் வந்தது ஆறு இதழ்கள் கழித்துத்தான். 1939 நவம்பரில், பெற்றோர் தெருவில் சுட்டுக்கொல்லப்படுவதைக் கண்ணெதிரே பார்த்த சிறுவனாக, பின்னாளில் பேட்மேனாகும் புரூஸ் வேய்ன் காட்டப்பட்டான். இரண்டே பக்கம்தான். முகமூடி ஏன் என்ற கேள்விக்கு ஸாரோவிடமும் ஷேடோவிடமும் இல்லாத பதில் அது. அந்த இரண்டு பக்கங்களுக்காகவே மற்ற இரவலையெல்லாம் நான் மனதார மன்னிப்பேன்.

எல்லா ஒற்றுமையும் இரவல் ஆகிவிடாது. 1963 ஜூன் தேதியிட்ட டிசி இதழில் 'டூம் பேட்ரோல்' வந்தது. செப்டம்பர் தேதியில் மார்வெலின் 'எக்ஸ்-மென்'. இரண்டிலும் உலகம் ஒதுக்கிவைத்த விசித்திரப் பிறவிகள், இரண்டிலும் சக்கர நாற்காலியில் அமர்ந்த அறிவாளித் தலைவர். ஒரு காமிக்ஸை எழுதி, வரைந்து, அச்சேற்றவே பல மாதம் ஆகும் என்பதால் வெளிவந்த இதழைப் பார்த்து எழுதியிருக்க அவகாசம் மிகக் குறைவு. 1964 மார்ச்சில் இரண்டு தொடரிலும் ஒரே மாதத்தில், கிட்டத்தட்ட ஒரே பெயரில், தீயோர் சங்கமும் முளைத்தது! டூம் பேட்ரோலை எழுதிய ஆர்னல்ட் டிரேக்குக்குப் பிற்காலத்தில் சந்தேகம் வந்தது. எனக்கென்னவோ, ஒரே நகரத்தில் ஒரே வாசகரைக் குறிவைத்து எழுதியவர்களுக்கு ஒரே யோசனை வந்ததாகவே படுகிறது. இங்கே எறும்பு போல ஒரு பிழை அகப்படவில்லை.

நம்மூர் வாசகர்களுக்கு நெருக்கமான ஒருவரிடம் இந்தக் கருவியை வைத்துப் பார்க்கலாம். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி, பிரிட்டனில் 1962இல் 'வாலியன்ட்' இதழில் தொடங்கிய தொடரின் நாயகர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும். இரும்புக் கை மட்டும் தெரியும். ஆய்வுக்கூடத்துக்காரர், தொடக்கத்தில் கெட்டவர் என்ற இரண்டு அடையாளமும் எச்.ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய 'மறைந்த மனித'னிடமும் உண்டு. பிழையைத் தேட வேண்டிய இடம் கண். உடலே ஒளியைத் தடுக்காவிட்டால் விழித்திரையும் தடுக்காது; விழித்திரை ஒளியைப் பிடித்துக்கொள்ளாமல் பார்வை கிடையாது. விலங்கியல் படித்த வெல்ஸுக்கு இது தெரியும். அவருடைய நாயகன் கிரிஃபின் கண்ணாடியில் பார்க்கும்போது, விழித்திரைக்குப் பின்னால் நிறமியின் மெல்லிய மிச்சம் ஒன்று பனிமூட்டம்போலத் தெரிகிறது. அறுபத்தைந்து ஆண்டு கழித்து வந்த வாரிசுக்கு அந்தத் துளி நிறமியும் மிஞ்சவில்லை. மிஞ்சியது கண்ணிலிருந்து கைக்கு இடம் மாறிவிட்டது. கணக்குப்படி ஒன்றுமே தெரியாமல் தடவித் தடவி நடக்க வேண்டிய மாயாவி, எதிரிகளைத் தப்பாமல் குறிபார்த்துத் துரத்திக்கொண்டிருக்கிறார்.