சரி எது, தவறு எது? கிம் கிம் ஆற்றை வைத்து ஓர் அறவியல் பாடம்

ஸ்கூடாய் யூடிஎம்மில் பொறியியல் படித்தாலும், பாரிட் ராஜா யூடிஎச்எம்மில் தொழில்நுட்பம் படித்தாலும், மாணவர்கள் ஒரு பாடத்தைத் தாண்டித்தான் பட்டம் பெற வேண்டும். அது 'ஃபல்சஃபா டான் இசு செமாசா', அதாவது தத்துவமும் நடப்பு விவகாரங்களும். 2019-ஆம் ஆண்டில் கட்டாயப் பொதுப் பாடமாக அறிமுகமானது. சாக்ரட்டீஸ், அரிஸ்டாட்டில், கான்ட் என்று வரும் பெயர்களைப் பார்த்ததும், மனனம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடலாம் என்றே தோன்றும்.

ஆனால், அந்தப் பெயர்களுக்குப் பின்னால் உள்ள கேள்விகள் ஜொகூர் மக்களுக்குப் புதியவை அல்ல. அதே 2019-இல் அவை பாசீர் கூடாங்கில் வாசலுக்கே வந்து நின்றன.

அவ்வாண்டு மார்ச் 7-ஆம் தேதி, கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டது தெரியவந்தது. அருகிலிருந்த பாசீர் பூத்தே பள்ளி மாணவர்கள் நச்சு வாயுவைச் சுவாசித்து மூச்சுத் திணறலுக்கும் வாந்திக்கும் ஆளாகினர். சில நாள்களில் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன.

இப்படிக் கழிவு கொட்டுவது குற்றம் என்று 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் சொல்கிறது. அது ஏன் தவறு? சட்டமே இல்லாவிட்டாலும் தவறுதானா? இங்கேதான் அறவியல் தொடங்குகிறது. ஏதென்ஸ் நகரச் சந்தையில் சாக்ரட்டீஸ் செய்த வேலையும் இதுதான். எல்லாரும் 'தெரியும்' என்று நினைத்த நீதி, துணிவு போன்றவற்றுக்கு அவர் காரணம் கேட்டார். அதற்கு விலையாகக் கி.மு. 399-இல் உயிரையே கொடுத்தார்.

அவருக்குப் பின் வந்தவர்களின் விடைகளை மூன்று கேள்விகளில் அடக்கலாம்.

முதல் கேள்வி: இதன் விளைவு என்ன?

ஜெரமி பெந்தமும் (1748–1832) ஜான் ஸ்டுவர்ட் மில்லும் (1806–1873) கேட்ட கேள்வி இது. செயலால் பாதிக்கப்படும் எல்லாருடைய நன்மை தீமைகளையும் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும் என்றனர். இதற்குப் பயன்நெறிக் கொள்கை என்று பெயர். கழிவை முறைப்படி அகற்றும் செலவு ஒருவருக்கு மிச்சம். மூச்சுத் திணறல் ஆயிரம் பேருக்கு. கணக்கு உடனே தெளிவாகிறது.

எனினும் இதில் ஓர் ஓட்டை உண்டு. ஐயாயிரம் பேருக்கு வேலை தரும் ஆலையால் ஆற்றங்கரையில் பத்து மீனவக் குடும்பங்கள் மட்டும் கெடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போது கூட்டல் கணக்கு யார் பக்கம் சாயும்?

இரண்டாம் கேள்வி: எல்லாரும் இதைச் செய்யலாமா?

இமானுவேல் கான்ட் (1724–1804) விளைவைப் பார்க்கச் சொல்லவில்லை. கடமையைப் பார்க்கச் சொன்னார். ஒரு செயலை எல்லாருக்கும் பொதுவான விதியாக ஆக்க முடியுமா என்பதே அவருடைய சோதனை. கள்ளத்தனமாகக் கொட்டுபவர், மற்றவர்கள் விதியைப் பின்பற்றுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஆதாயம் காண்கிறார். தனக்கு மட்டும் விலக்கு கேட்கிறார். மனிதரை வெறும் கருவியாகப் பயன்படுத்தக்கூடாது என்றும் கான்ட் சொன்னார். ஆகவே பத்துக் குடும்பம்தானே என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

ஆனால் கான்ட்டின் பிடிவாதம் சில நேரம் திகைக்க வைக்கும். நண்பனைக் கொல்லத் தேடி வருபவன் கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797-இல் எழுதினார். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற திருவள்ளுவரின் கருத்தைப் பள்ளியில் படித்த தமிழ் மாணவருக்கு, இந்த விவாதத்தில் இரு பக்கமும் பேசச் சரக்கு இருக்கிறது.

மூன்றாம் கேள்வி: இது என்னை எப்படிப்பட்டவனாக ஆக்கும்?

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) தனிச் செயலைவிட மனிதரின் குணத்தைப் பார்த்தார். நற்குணம் பழக்கத்தால் வருவது. மிகைக்கும் குறைக்கும் நடுவில் நிற்பது. கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் நடுவே இருப்பது வீரம்.

லோரி ஓட்டிக் குடும்பத்தைக் காக்கும் ஒருவரைக் கற்பனை செய்யலாம். முதலாளி இரவில் கழிவைக் கொட்டிவரச் சொல்கிறார். மறுத்தால் வேலை போகும். வீட்டு வாடகை நிற்கும். வாயை மூடிக்கொண்டு கொட்டுவது கோழைத்தனம். யோசிக்காமல் சாவியை வீசிவிட்டு வருவது பிள்ளைகளின் சோற்றைப் பறிக்கலாம். கொட்ட மறுத்து, நம்பகமான சக ஊழியரிடம் சொல்லி, சுற்றுச்சூழல் துறைக்குத் தகவல் தருவது நடுவழி. சின்னச் சின்ன விஷயங்களில் 'முடியாது' என்று சொல்லிப் பழகியவருக்குத்தான் அந்த இரவில் அது வாய்க்கும். இக்கொள்கையின் குறை, குழப்பமான நேரத்தில் திட்டவட்டமான விதி எதையும் தராததே.

தேர்வில் எப்படி எழுதுவது?

'இது தவறு' என்று மட்டும் எழுதும் விடை, விடையின் பாதிதான். மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்த்து, அவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று காட்ட வேண்டும். முரண்படும் இடத்தில் எதற்கு முன்னுரிமை, ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும். கிம் கிம் விவகாரத்தில் மூன்றும் ஒரே பக்கம் நிற்கின்றன. அந்த லோரி ஓட்டுநரின் வாடகையைச் சேர்த்ததும் கணக்கு கடினமாகிறது. பாடம் உண்மையில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.